பிரேக்கில் ஏர் எடுத்தல்: வீட்டு வாசலில் செய்யத்தக்க ஒரு பராமரிப்பு

மதுரையிலிருந்து திருமங்கலம் செல்லும் சாலையில் திருப்பரங்குன்றத்தை அடுத்துள்ள திருநகர், முதல் ஸ்டாப், இரண்டாவது ஸ்டாப் என்று பேருந்து நிறுத்தங்களின் வரிசையெண்ணைக் கொண்டே முகவரி சொல்லப்படும் குடியிருப்புப் பகுதியாகும். தனிப் பேரூராட்சியாக இருந்து 2011-இல் மாநகராட்சியோடு இணைந்த இப்பகுதியில், வீட்டு வாசலிலோ போர்டிகோவிலோ நிற்கும் கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் எஞ்சின் ஆயில் மாற்றவேண்டிய கிலோமீட்டர் கணக்கை மனப்பாடமாகச் சொல்பவர்கள்கூட, பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று கேட்டால் தயங்குவது இயல்பு. எஞ்சின் ஆயில் வண்டி ஓடினால் கெடுகிறது. பிரேக் ஆயிலோ வண்டி மாதக்கணக்கில் நின்றாலும் கெடுகிறது. உயிரைக் காக்கும் உறுப்பில் இருக்கும் இத்திரவத்துக்கு உரிய கவனம் கிடைப்பதில்லை என்பதும், அதைப் புதுப்பித்து உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றும் வேலையைக் குறைந்த கருவிகளோடு கவனமுள்ள எவரும் வீட்டிலேயே செய்ய முடியும் என்பதும் பலருக்குத் தெரியாத செய்திகள்.

ஓரிடத்தில் அடைபட்ட திரவத்தின்மீது செலுத்தப்படும் அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்பது 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் கண்ட விதி. அவ்விதியை வாகனத்தின் பிரேக்குக்குப் பயன்படுத்தும் அமைப்புக்கு அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட் 1917-இல் காப்புரிமை பெற்றார். 1921-இல் வெளிவந்த டியூசன்பர்க் மாடல் ஏ கார் நான்கு சக்கரங்களிலும் அம்முறையைக் கொண்டிருந்தது. பெடலை மிதிக்கும்போது அதனோடு இணைந்த தண்டு ஒரு சிறு உருளைக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது; மாஸ்டர் சிலிண்டர் எனப்படும் அவ்வுருளையிலிருந்து மெல்லிய குழாய்கள் வழியாக அழுத்தம் சக்கரத்தை அடைந்து, டிஸ்க் பிரேக்கில் காலிப்பர் எனப்படும் கவ்வியின் பிஸ்டனையும், டிரம் பிரேக்கில் வீல் சிலிண்டரின் பிஸ்டனையும் நகர்த்துகிறது. மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 20 மி.மீ. என்றும் காலிப்பர் பிஸ்டனின் விட்டம் 50 மி.மீ. என்றும் வைத்துக்கொண்டால், பரப்பின் விகிதத்தால் விசை ஆறேகால் மடங்காகப் பெருகும். அதே விகிதத்தில் நகரும் தூரம் குறையும்.

காற்றின் ஆபத்து இந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. திரவம் அழுத்தத்தால் ஏறக்குறையச் சுருங்குவதில்லை. காற்று, 50 மடங்கு அழுத்தத்தில் 50-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஆகவே மேலே கண்ட அளவுகளில் ஒரே ஒரு மில்லிலிட்டர் காற்று குழாயில் சிக்கியிருந்தால், அதைச் சுருக்குவதற்கு மட்டுமே மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் 3 மி.மீ.க்கு மேல் நகர வேண்டும். பெடலின் நெம்புகோல் விகிதம் நான்கு என்றால், காலடியில் அது ஒன்றேகால் சென்டிமீட்டர் வீண் நகர்வாகும். பிரேக் பிடிப்பதற்குப் பயன்படாத இந்நகர்வைத்தான் ஓட்டுநர் "பெடல் உள்ளே போகிறது" என்றும், மெக்கானிக் "ஸ்பாஞ்சியாக இருக்கிறது, ஏர் எடுக்க வேண்டும்" என்றும் சொல்கிறார்கள்.

மதுரைக்கும் இந்தத் தொழில்நுட்பத்துக்கும் உள்ள தொடர்பு இங்கே குறிப்பிடத்தக்கது. டி. வி. சுந்தரம் அய்யங்கார் 1911-இல் மதுரையில் தொடங்கிய மோட்டார் தொழில், மேலவெளி வீதியைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்து, பின்னர் உதிரிபாக உற்பத்தியில் இறங்கியபோது, 1962-இல் இங்கிலாந்தின் லூக்காஸ் குழுமத்தோடு (கேர்லிங் அதன் பிரேக் பிரிவு) கூட்டாகச் சென்னைப் பாடியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் உருவாயிற்று; டி.வி.எஸ். கேர்லிங் என்ற பெயர் தாங்கிய பிரேக் ஆயில் பாட்டில் பல தலைமுறை மெக்கானிக்குகளின் அலமாரியில் இடம்பெற்றது அதன் விளைவே. அதே ஆண்டில் அக்குழுமம் தொடங்கிய சுந்தரம் கிளேட்டன், பேருந்துக்கும் லாரிக்கும் உரிய ஏர் பிரேக்குகளைத் தயாரித்தது. அவற்றில் அழுத்தப்பட்ட காற்றே வேலை செய்யும் பொருளாதலால் காற்றை வெளியேற்றும் வேலையே இல்லை. மாறாக, காற்றுத் தொட்டியில் சேரும் தண்ணீரைத் திறந்துவிடுவதே அங்குத் தேவையான பராமரிப்பு. இங்கு விளக்கப்படுவது கார், ஆட்டோ, குட்டி யானை எனப்படும் சிறு சரக்கு வண்டி, டிஸ்க் பிரேக் உள்ள மோட்டார் சைக்கிள் ஆகியவற்றுக்கு மட்டுமே பொருந்தும். கேபிளால் இயங்கும் டிரம் பிரேக் கொண்ட ஸ்கூட்டர்களில் திரவமும் இல்லை, ஏர் எடுக்கும் தேவையும் இல்லை.

பிரேக் ஆயில் என்று அழைக்கப்பட்டாலும் அது எண்ணெய் அன்று; கிளைக்கால் ஈதர் என்னும் வேதிப்பொருளை அடிப்படையாகக் கொண்ட, நீரோடு கலக்கும் திரவம். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வது அதன் இயல்பு. ரப்பர் ஓஸின் சுவர் வழியாகவும், மூடியின் காற்றுத்துளை வழியாகவும் சிறிது சிறிதாக ஈரம் உள்ளே செல்ல, திரவத்தின் கொதிநிலை படிப்படியாக இறங்குகிறது. பாட்டிலின்மீது காணும் டாட் என்ற எழுத்துகள் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையைக் குறிப்பவை. அத்துறை வகுத்த தரத்தின்படி டாட் 3 திரவம் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியசுக்குக் குறையாமலும், ஏறத்தாழ 3.7 விழுக்காடு நீரை உறிஞ்சிய நிலையில் 140 டிகிரிக்குக் குறையாமலும் கொதிக்க வேண்டும். டாட் 4-க்கு இவ்வெண்கள் 230, 155, டாட் 5.1-க்கு 260, 180. டாட் 5 என்பது இவ்வரிசையில் சேராத சிலிக்கோன் திரவம். மற்றவற்றோடு கலக்கக் கூடாது. எண் கூடினால் தரம் கூடும் என்று எண்ணி அதை வாங்கி ஊற்றுவது பெரும் பிழையாகும். எந்தத் திரவம் வேண்டும் என்பது பெரும்பாலான வண்டிகளில் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியிலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

கோடை விடுமுறையில் மதுரைப் பகுதிக் குடும்பங்கள் செல்லும் கொடைக்கானலை நினைத்தால் இந்த எண்களின் பொருள் விளங்கும். மலையுச்சியிலிருந்து வத்தலக்குண்டு சமவெளிக்கு இறங்கும்போது வண்டி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தை இழக்கிறது. ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார் அவ்வுயரத்தை இழக்கும்போது வெளிப்படும் ஆற்றல், சாதாரண வெப்பநிலையிலுள்ள 70 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. இரண்டாவது, மூன்றாவது கியரில் இறங்குபவருக்கு இதில் கணிசமான பங்கை எஞ்சின் ஏற்றுக்கொள்கிறது. டாப் கியரிலோ நியூட்ரலிலோ இறங்குபவருக்கோ ஏறக்குறைய முழுப் பங்கும் பிரேக் டிஸ்க்கில் வெப்பமாகிறது. அந்த வெப்பம் டிஸ்க்கைக் கவ்வும் பேட் வழியாக, பிஸ்டன் வழியாகத் திரவத்தை எட்டும்போது, அதிலுள்ள நீர் ஆவியாகிக் குமிழியாகிறது. ஆவியும் காற்றைப் போலவே சுருங்கும் பொருளாதலால் பெடல் திடீரெனத் தரையைத் தொடும். வண்டி நின்று ஆறியபின் ஆவி மீண்டும் நீராகி, பிரேக் பழையபடி பிடிக்கும். மறுநாள் சோதிக்கும் மெக்கானிக்குக்கு எந்தக் கோளாறும் தென்படாது. எனவே மலைப் பயணத்துக்கு முன் டயரையும் ரேடியேட்டரையும் பார்ப்பவர்கள் பிரேக் ஆயிலின் வயதையும் பார்க்க வேண்டும். பல தயாரிப்பாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். இளமஞ்சளாக இருந்த திரவம் காபி டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்திருந்தால் அந்தக் கெடுவும் தாண்டிவிட்டது என்று கொள்ளலாம். தெளிவாக இருக்கும் திரவத்திலும் நீர் இருக்கக்கூடும் என்பதால், நிறம் நன்றாக இருப்பதை மட்டும் நம்பிவிடுவதும் சரியன்று.

வேலையில் இறங்குமுன் குறை எது என்பதைப் பிரித்தறிய வேண்டும். பெடலை விரைந்து இரண்டு மூன்று முறை மிதித்தால் மேலே ஏறி உறுதிப்படுகிறது என்றால், குழாயில் காற்று இருக்கலாம். அல்லது பின்சக்கர டிரம்மில் பிரேக் ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருக்கலாம். பின்னதற்கு ஷூவைச் சரிசெய்வதே மருந்து. எவ்வளவு ஏர் எடுத்தாலும் பயன் இராது. மிதித்துப் பிடித்த பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்குமானால், மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் தேய்ந்திருக்கிறது, அல்லது எங்கோ கசிவு இருக்கிறது. சக்கரத்தின் உட்புறம் ஈரமாகவோ, டப்பாவில் திரவம் அடிக்கடி குறைவதாகவோ தெரிந்தால், வீட்டு வேலையை அங்கேயே நிறுத்தி மெக்கானிக்கை அழைப்பதே அறிவுடைமை. கசிவுள்ள அமைப்பில் ஏர் எடுப்பது, குறையைச் சில நாட்களுக்கு மறைத்து வைப்பதற்கே உதவும்.

தேவையான கருவிகள் சிலவே. காலிப்பரிலும் வீல் சிலிண்டரிலும் நிப்பிள் எனப்படும், நடுவே துளையுள்ள சிறு திருகு இருக்கும். அதைத் தளர்த்தினால் திரவம் வெளியேறும், இறுக்கினால் வழி அடையும். இதற்கு 8 அல்லது 10 மி.மீ. ரிங் ஸ்பேனர் பெரும்பாலும் பொருந்தும். இரு பக்கத்தை மட்டும் கவ்வும் ஓப்பன் ஸ்பேனரையோ கட்டிங் பிளேயரையோ பயன்படுத்தினால் நிப்பிளின் அறுகோண முனைகள் மழுங்கிவிடும். பழைய வண்டியில் துருப்பிடித்த நிப்பிள் முறிந்தால் காலிப்பரையே கழற்ற நேரும். ஆகவே முதல்நாளே துருநீக்கி தெளித்து ஊறவிட்டு, மெல்லத் தட்டித் தளர்த்துவது நல்லது. நிப்பிளில் இறுகப் பொருந்தும் ஒளிபுகு குழாய் ஒன்று வேண்டும். மீன்தொட்டிக்குக் காற்று செலுத்தும் குழாய் பல நிப்பிள்களுக்குப் பொருந்துகிறது. ஒரு பழைய பாட்டில், சுத்தமான துணி, ஒரு வாளித் தண்ணீர், சீல் உடையாத புதிய பிரேக் ஆயில், ஜாக்கியோடு உறுதியான தாங்கி, சக்கரத்துக்கு அடைகட்டை ஆகியவை இருந்தால் போதும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் கையோ தலையோ நீட்டுவது கூடவே கூடாது. போன ஆண்டு பாதி பயன்படுத்தி எடுத்துவைத்த பாட்டில், மூடியிருந்தாலும் ஈரம் குடித்ததாகவே கருதத்தக்கது.

எல்லா முறைகளிலும் பழைமையானதும், இன்றளவும் நம்பத்தக்கதும் இருவர் சேர்ந்து செய்யும் முறை. டப்பாவின் மூடியைச் சுற்றிலும் துடைத்துத் தூசியை நீக்கியபின் திறந்து, உள்ளேயுள்ள அழுக்குத் திரவத்தை ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை நிரப்ப வேண்டும். இதைச் செய்யாவிட்டால் டப்பாவின் அடியில் தங்கிய கசடு முழுவதும் குழாய்களுக்குள் பயணம் செய்யும். எஞ்சினை அணைத்து, பெடலைப் பலமுறை மிதித்துப் பூஸ்டரில் எஞ்சிய உறிஞ்சுவிசையைத் தீர்க்க வேண்டும். பூஸ்டர் என்பது எஞ்சினின் உறிஞ்சுவிசையைக் கொண்டு மிதியின் பலத்தைக் கூட்டும் வட்டமான பெட்டி. ஒளிபுகு குழாயின் ஒரு முனை நிப்பிளில் பொருந்த, மறுமுனை பாட்டிலில் சிறிது ஊற்றிய திரவத்தில் முழுகியிருக்க வேண்டும். பெடலருகே இருப்பவர் மூன்று நான்கு முறை நிதானமாக மிதித்து, கடைசி மிதியை அழுத்திப் பிடித்துக்கொண்டு "பிடிச்சாச்சு" என்று குரல் கொடுத்ததும், சக்கரத்தருகே இருப்பவர் நிப்பிளை அரைச் சுற்றுக்குள் தளர்த்துகிறார். குமிழிகளோடு திரவம் வெளியேற, பெடல் கீழே இறங்குகிறது. அது முழுதும் இறங்குமுன் நிப்பிளை இறுக்கி "விடு" என்று சொன்னபிறகே காலை எடுக்க வேண்டும். இந்த ஒழுங்கு ஒருமுறை தவறி, நிப்பிள் திறந்திருக்கையில் கால் எடுக்கப்பட்டால், காற்று மீண்டும் உள்ளே வந்துவிடக்கூடும். ஆகவே குரல் கொடுக்கும் சொற்களை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வது அவசியம். ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை டப்பாவைப் பார்த்து நிரப்பிக்கொண்டே வர வேண்டும்; அது வற்றினால் மாஸ்டர் சிலிண்டரே காற்றை விழுங்கி, வேலை முதலிலிருந்து தொடங்கும்.

பழைய வண்டிகளில் பெடலைத் தரைவரை மிதிப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அன்றாட ஓட்டத்தில் பிஸ்டன் சென்றறியாத பகுதியில் உருளையின் சுவர் துருவும் படிவும் கொண்டிருக்கும். ரப்பர் சீல் அங்கே உரசினால் கிழிந்து, ஏர் எடுத்த மறுவாரமே மாஸ்டர் சிலிண்டர் பழுதாகும். பெடலுக்கடியில் ஒரு மரத்துண்டை வைத்து அதன் இறக்கத்தைக் குறைப்பது இதைத் தவிர்க்கும் எளிய வழி.

எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பதில் நம் நாட்டவர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுள்ளது. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவான சக்கரத்தில் தொடங்கி அருகிலுள்ளதில் முடிப்பது பொது வழக்கம். அமெரிக்க விளக்கப் படங்களில் வலது பின்சக்கரம் முதலாவதாகச் சொல்லப்படுவதற்குக் காரணம், அங்கு ஓட்டுநர் இருக்கையும் மாஸ்டர் சிலிண்டரும் இடப்பக்கம் இருப்பதே. இந்திய வண்டிகளில் அது வலப்பக்கம் இருப்பதால், தொலைவானது இடது பின்சக்கரம். அடுத்து வலது பின், பின்னர் இடது முன், கடைசியாக வலது முன் என்பது நேர்வரிசை. ஆனால் முன்சக்கர இயக்கம் கொண்ட சிறு கார்கள் பலவற்றில் ஒரு முன்சக்கரமும் அதற்குக் குறுக்கேயுள்ள பின்சக்கரமும் ஒரே குழாய்ச்சுற்றில் இணைந்திருக்கும். ஒரு சுற்று பழுதானாலும் மற்றது வண்டியை நிறுத்தும் பொருட்டு அமைந்த ஏற்பாடு இது. அவற்றுக்கு வரிசை மாறக்கூடுமாதலால் வண்டியின் கையேட்டைப் பார்ப்பதே முறை.

துணைக்கு ஆளில்லாதபோது மிக எளியது, புவியீர்ப்பையே பயன்படுத்துவது. மூடியைத் தளர்த்தி நிப்பிளைத் திறந்துவைத்தால் திரவம் சொட்டுச் சொட்டாகத் தானே இறங்கும்; நேரம் பிடித்தாலும் சீல்களுக்குத் தீங்கில்லை; ஆயினும் குழாயின் உயரமான வளைவில் ஒட்டியிருக்கும் குமிழி இந்த மெதுவான ஓட்டத்தில் நகராமல் போகலாம். ஒருவழி வால்வு பொருத்திய குழாய் கடையில் கிடைக்கிறது. அது திரவத்தை வெளியே விட்டு, திரும்ப உள்ளே வரவிடாமல் தடுப்பதால், நிப்பிளைச் சிறிது திறந்துவைத்து ஒருவரே பெடலை மிதித்து வேலையை முடிக்கலாம். கையால் இயக்கும் வேக்குவம் பம்பு நிப்பிள் வழியாகத் திரவத்தை உறிஞ்சுகிறது. விரைவான முறைதான், ஆனால் தளர்ந்த நிப்பிளின் மரை வழியே வெளிக்காற்றும் சேர்ந்து உறிஞ்சப்பட்டு, குழாயில் குமிழிகள் முடிவின்றி வந்துகொண்டிருப்பதாகத் தோன்றும். அதை உள்ளிருந்து வரும் காற்று என்று நம்பி பாட்டில் பாட்டிலாகத் திரவத்தை வீணாக்குபவர்கள் உண்டு. மரையைச் சுற்றிச் சிறிது கிரீஸ் தடவினால் இப்பொய்க் குமிழி அடங்கும். டப்பாவின் மேல் பொருந்தும் மூடி வழியாக 10 முதல் 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் திரவத்தைச் செலுத்தும் பிரஷர் பிளீடர், பணிமனைகளுக்கு உரிய நேர்த்தியான கருவி. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரே ஒரு காருக்குச் செய்பவர் அதற்காகச் செலவிட வேண்டியதில்லை. மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் பிரேக் ஆயில் பீய்ச்சியடித்து பெயின்ட்டைக் கெடுத்துவிடும்.

மோட்டார் சைக்கிளின் டிஸ்க் பிரேக்குக்குச் சிரிஞ்சே சிறந்த கருவியாக அமைகிறது. காற்று மேல்நோக்கிச் செல்லும் இயல்புடையது. ஆதலால் மேலிருந்து கீழே தள்ளுவதைவிட, காலிப்பரின் நிப்பிள் வழியாகப் புதிய திரவத்தைச் சிரிஞ்சால் மெல்ல மேலே ஏற்றினால், குமிழிகள் தம் வழியிலேயே ஹேண்டில்பாரிலுள்ள டப்பாவை அடைந்து வெளியேறுகின்றன. டப்பாவிலுள்ள பழைய திரவத்தை முன்பே எடுத்துவிடாவிட்டால் அது வழிந்து பெட்ரோல் டேங்கின் பெயின்ட்டைக் கரைக்கும். டேங்கை நனைந்த துணியால் மூடுவதும், சிந்திய இடத்தில் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுவதும் வேண்டும். டப்பாவின் மூடியிலுள்ள ஸ்டார் ஸ்க்ரூக்கள் மென்மையானவை; சரியான அளவுள்ள ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பிடித்தே திருப்ப வேண்டும். ஹேண்டில்பாரைத் திருப்பி மாஸ்டர் சிலிண்டர் மிக உயரத்தில் இருக்குமாறு வைத்தால் கடைசிக் குமிழியும் வெளிவர வாய்ப்பு கூடும். பிரேக் லீவரை இரவு முழுவதும் ரப்பர் பட்டையால் இழுத்துக் கட்டிவைக்கும் வழக்கமும் மெக்கானிக்குகளிடையே உண்டு. எஞ்சிய நுண்குமிழிகளுக்கு அது ஓரளவு உதவினாலும், ஏர் எடுக்கும் வேலைக்கு மாற்றாகாது.

2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய இருசக்கர வாகனங்கள் அனைத்திலும் ஏ.பி.எஸ். கட்டாயமாக்கப்பட்டது. சக்கரம் சிக்கிச் சறுக்காமல் அழுத்தத்தை நொடிக்குப் பலமுறை விட்டுப்பிடிக்கும் இவ்வமைப்பின் உள்ளே நுண்ணிய வால்வுகளும் அறைகளும் உள்ளன. டப்பா வற்றாமல் பழைய திரவத்தை மட்டும் மாற்றுவதாக இருந்தால், காரானாலும் பைக்கானாலும் வழக்கமான முறையே பெரும்பாலும் போதும். காற்று அந்த வால்வுப் பெட்டிக்குள் புகுந்துவிட்டாலோ, அதன் பம்பை இயக்கித் திறக்கும் கணினிக் கருவி இல்லாமல் அது வெளிவராது; அத்தகைய வண்டியை நிறுவனப் பணிமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். சிரிஞ்சால் கீழிருந்து மேலே தள்ளும் முறையும் ஏ.பி.எஸ். வண்டிக்கு ஏற்றதன்று, காலிப்பரின் அடியில் படிந்த கசடு அவ்வால்வுகளில் போய்ச் சேரும்.

வெளியேற்றிய திரவம் எவ்வளவு தெளிவாகத் தோன்றினாலும் மீண்டும் டப்பாவில் ஊற்றத் தகாதது. எஞ்சின் ஆயிலோ மண்ணெண்ணெயோ ஒரு சிறிதும் இவ்வமைப்பில் கலக்கக் கூடாது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ரப்பர் சீல்கள் ஊதிப்போய்ச் சக்கரங்கள் விடாமல் பிடித்துக்கொள்ளும். பழைய திரவத்தைச் சாக்கடையில் கொட்டுவது, நிலையூர், தென்கால் என்று கண்மாய்கள் சூழ்ந்த இப்பகுதியின் நீருக்கும் மண்ணுக்கும் செய்யும் தீங்கு. கழிவு எஞ்சின் ஆயிலோடு கலக்காமல் தனிப் பாட்டிலில் மூடி, பெயர் எழுதி, கழிவுகளை முறையாக அனுப்பும் பணிமனையில் ஒப்படைக்கலாம்.

வேலை முடிந்ததும் நிப்பிள்களை அளவோடு இறுக்கி, ரப்பர் தொப்பிகளை மாட்டி, டப்பாவை மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே நிரப்பி மூட வேண்டும். எஞ்சினை இயக்கி, பெடலை அரை நிமிடம் பலமாக மிதித்துப் பிடித்துப் பார்க்கையில் அது இறங்காமல் நிற்கவேண்டும்; உதவியாளர் அப்போதே ஒவ்வொரு நிப்பிளையும் உலர்ந்த விரலால் தொட்டுக் கசிவு இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். திருமங்கலம் சாலையில் ஏறுவதற்கு முன் ஆளரவம் குறைந்த உள்தெருவில் நடைவேகத்திலும், பின்னர் 20 கிலோமீட்டர் வேகத்திலும் சிலமுறை நிறுத்திப் பார்ப்பது தேவை. மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி பானெட்டின் உட்புறம் ஒட்டிவைத்து, மூன்று நான்கு நாட்களுக்குப் பிறகு திரவத்தின் மட்டத்தை மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும். அதற்குள் மட்டம் குறைந்திருந்தால், ஏதோ ஒரு நிப்பிள் சரியாக இறுகவில்லை, அல்லது புதிய கசிவு தொடங்கியிருக்கிறது.